இரண்டு பக்கமும் நம்ம டீம்

எங்கள் ஊர் மில் டீமைப் பற்றி இப்போதும் யாராவது பேச்செடுத்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதில் ஆடிய யாரும் இல்லை. மைக் பிடித்தவர்தான். அந்த டீமில் நானும் ஆடியவன். ஜெயித்த மேட்ச், தோற்ற மேட்ச் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து போய்விட்டன. அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. அந்தக் குரல் எந்தப் பக்கம் நின்று பேசியது என்பதுதான் அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. கடைப் பலகையில் அவருடைய அப்பா பெயர்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் மைக்கு அண்ணாச்சி. அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோடு திரும்புகிற இடத்தில் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஸ்பீக்கர் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது அவர்தான். குள்ளமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் துருத்திக்கொண்டு இருக்கும். மைக் இல்லாதபோதும் பேசுவதற்கு முன்னால் வாய்க்கு எதிரே கையைக் குவித்துக்கொள்வார்.

அறுபதுகளின் நடுவில் அந்த மில் எங்கள் ஊருக்கு வந்தது. மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த மில்லை மூடிவிட்டு, மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். மிஷினோடு மிஷினாக அவர்களுடைய வாலிபால் டீமும் வந்து இறங்கியது. அந்த ஊரில் அது பேர் பெற்ற டீம். தென்னந்தோப்பும் ஓடைத் தண்ணீருமாக வளர்ந்த பிள்ளைகள். எங்கள் கரிசல் காடு கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, டீமின் கேப்டன் பொன்னையா, "பந்து உள்ள போனா வேற ஊர்லதான் எடுக்கணும் போலயே" என்றானாம். பிறகு மில்லிலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை உருட்டி ஒரு மைதானம் செய்தார்கள். சுற்றிலும் வேலிக்கருவை. ஒரு ஓரத்தில் ஒரு வேப்பமரம்.

நான் தறிக்காரர் வீட்டுப் பையன். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ்; ஆட்டத்தின் அவசரத்தில் கன்னடம்தான் முதலில் வாயில் வரும். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வாலிபால் ஆடியிருந்தேன். மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. என் உயரத்தைப் பார்த்துவிட்டுப் பொன்னையா தன் டீமில் சேர்த்துக்கொண்டான். உள்ளூரிலிருந்து அந்த டீமுக்குள் போன முதல் ஆள் நான்தான். அவர்கள் ஆட்டத்துக்கு நடுவே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்கிற சத்தங்கள்கூட எனக்குப் புதிதாக இருந்தன. "அங்கன" என்றால் எங்கே, "விடு" என்றால் பந்தை விடவா, அடித்து விடவா என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்கத் தடுமாறினேன்.

ஊருக்கோ எங்களை விடக் குழப்பம். இங்கே எல்லாருக்கும் சடுகுடுதான் தெரியும். முதல் மேட்சுக்கு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்தது. அவர்களும் வெள்ளைப் பனியன், நாங்களும் வெள்ளைப் பனியன். கோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏம்ப்பா, இவுக ஒருத்தர ஒருத்தர் தொடவே மாட்டேங்காகளே, எப்படித் தோக்குறது?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பந்து எவ்வளவு தூரம் வெளியே போய் விழுந்ததோ அவ்வளவு பலமாகக் கை தட்டினார்கள்.

வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, அதன் அடியில் ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு அண்ணாச்சி மைக்கில் விளக்கம் சொன்னார். "பந்து தரையில விழுகக் கூடாது. விழுந்தா தப்பு. யாரு பக்கம் விழுந்துச்சோ அவுக மேல தப்பு. ஆனா கோட்டுக்கு வெளிய விழுந்தா அவுக மேல தப்பு இல்ல. அடிச்சவுக மேல தப்பு. அதுலயும் இவுக கையில பட்டுட்டு வெளிய விழுந்துச்சுன்னா மறுபடியும் இவுக மேலதான் தப்பு. பெரியவுக தயவுசெஞ்சு புரிஞ்சுக்கிடணும்."

அதுவரை கொஞ்சம் புரிந்தவர்களுக்கும் அதோடு புரியாமல் போயிற்று.

நாங்கள் ஒரு புள்ளி எடுத்தோம். "நம்ம பிள்ளைக எடுத்துட்டாக" என்றது குழாய். கை தட்டினார்கள். அடுத்து வெளியூர் டீம் ஒரு புள்ளி எடுத்தது. "ஆகா, நம்ம பிள்ளைக எடுத்துட்டாக" என்றது அதே குழாய், அதே சந்தோஷத்தோடு. அதற்கும் கை தட்டினார்கள். ஒரு செட் முடிந்து இரண்டு டீமும் பக்கம் மாறியதும் இன்னொரு குழப்பம். கிழக்குப் பக்கம் நாங்கள் நின்றபோது எங்களுக்குத் தட்டியவர்கள், இப்போது கிழக்கே வந்து நின்ற வெளியூர்க்காரர்களுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆள்களுக்கு முகம் வாடிவிட்டது. பொன்னையா வலைக்குப் பக்கத்தில் வந்து என்னிடம், "என்னப்பா உங்க ஊர்ல, யாரு யாருன்னே தெரியாம ஆடணுமா?" என்று கேட்டான்.

அந்த மேட்சில் யார் ஜெயித்தது என்று பலருக்கும் மறுநாள்தான் தெரிந்தது. நாங்கள்தான்.

மறுநாள் அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, நம்ம டீமுன்னா அது மில் டீமு. வந்தவுக எதிர் டீமு" என்றேன்.

"தெரியும்ப்பா."

"பெறகு ஏன் ரெண்டு பேரையும் நம்ம டீமுன்னு சொல்றீக?"

"வந்தவுக அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காகள்ல. வந்த எடத்துல அவுகளுக்கு யாரு இருக்கா?" என்றார். அப்புறம் ஒரு ஒயரை எடுத்துச் சுற்றிக்கொண்டே, "உங்க மில் டீமும் வந்தவுகதானப்பா. இன்னும் வருசம் ஆகலையே. யாரு உள்ளூரு, யாரு வெளியூருன்னு எனக்கே பிடிபடல" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அவரிடம் எதைப் பற்றிப் பேசினாலும் கடையை விட்டு இறங்கும்போது இப்படித்தான் இருக்கும்.

எல்லாக் காரியத்திலும் அவர் அப்படித்தான். ஒரு தேர்தல் சமயத்தில் ஒரே சாயங்காலம் இரண்டு கட்சிக் கூட்டம். ஊரில் குழாய் அவரிடம் மட்டும். இருந்த இரண்டு குழாயையும் பங்கு போட்டு ஒன்றை மேலக் கடைத்தெருவிலும் ஒன்றைப் பஸ் ஸ்டாண்டிலும் கட்டிவிட்டார். இரண்டு மேடையிலும் அவரே போய் மைக்கைத் தட்டிப் பார்த்து, "வருங்கால மந்திரி இன்னும் சற்று நேரத்தில் பேசுவார்" என்று அறிவித்துவிட்டு வந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் சண்டைக்கு வந்தார்கள். "யாராச்சும் ஒருத்தர் வருவாகள்ல" என்றார்.

பரளச்சியில் அவருடைய தம்பிக்கும் மச்சானுக்கும் ஒரு புஞ்சையின் வரப்புத் தகராறு. பஞ்சாயத்தில் இவரைச் சாட்சி கேட்டார்கள். தம்பி சொல்வது சரிதான் என்றாராம். அப்படியானால் மச்சான் சொல்வது பொய்யா என்று கேட்டதற்கு, அதுவும் சரிதான் என்றாராம். இரண்டு வீட்டிலும் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடாமலே போய் இலவசமாகக் குழாய் கட்டிவிட்டு, பந்தியில் உட்காராமல் வந்துவிடுவார்.

அவர் வீட்டம்மா பாலவனத்தத்துக்காரர். நல்ல வாய். ஒருநாள் கடையில் வைத்தே என்னிடம் சொன்னார்: "இவுககிட்ட கொழம்புல உப்பு பத்துதான்னு கேட்டா, பத்துது, பத்தலன்னா போட்டுக்கலாம்னு சொல்வாக. நான் என்னத்தத் தம்பி போடுறது?" அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒயரைச் சீவிக்கொண்டே, "சரியாத்தான சொல்லியிருக்கேன்" என்றார். அந்த அம்மா சிரித்தார். சிரிப்பில் பாதி சிரிப்பு இல்லை.

அந்த ஆரம்ப வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. டீம் ஊருக்குப் பிடித்துப்போனது எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் மில்காரர்கள் மட்டும் வந்தார்கள். அப்புறம் தறித் தெருவிலிருந்து வந்தார்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் பருத்தி எடுத்து முடித்த கையோடு பஸ் பிடித்து வந்தார்கள். பெண்கள் வடக்குப் பக்கம் பிள்ளைகளோடு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பொன்னையாவின் அடியைப் பார்த்துவிட்டு, பிறந்த பிள்ளைக்குப் பொன்னையா என்று பெயர் வைத்தார் ஒரு பலசரக்குக் கடைக்காரர். எந்தப் பந்து உள்ளே, எந்தப் பந்து வெளியே என்று கோட்டோரத்தில் இருந்தவர்கள் எங்களுக்கு முன்னாலேயே சொன்னார்கள். ஊருக்கு ஆட்டம் புரிந்துவிட்டது. யாருக்குக் கை தட்டுவது என்பதும் புரிந்துவிட்டது. எதிர் டீம் புள்ளி எடுத்தால் மைதானம் கப்பென்று அடங்கிவிடும். அந்த அமைதியில் அண்ணாச்சி ஒருவர்தான், "நம்ம பிள்ளைக" என்று சொல்லிக்கொண்டிருப்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு முறைத்தார்கள்.

மூன்றாவது வருஷக் கோடையில் மில் ஒரு போட்டி நடத்தியது. இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது மலையடிவாரத்து டீம். மில் இங்கே வந்தபோது கூட வராமல் தங்கிவிட்டவர்களும் அவர்களுடைய தம்பிமார்களும் சேர்ந்து அங்கே புதிதாக ஒரு டீம் கட்டியிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் மேல் ஒரு கோபம். பேரையும் புகழையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. அந்த டீமின் கேப்டன் பொன்னையாவின் சொந்தத் தம்பி. அண்ணனும் தம்பியும் வலைக்கு இரு பக்கமும் நின்று கை கொடுத்துக்கொண்டபோது இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

அன்றைக்கு மைதானத்தில் கால் வைக்க இடம் இல்லை. கோட்டை ஒட்டியே ஜனம். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் அவர்கள் பதினாலு, நாங்கள் பதிமூன்று. சர்வீஸ் அவர்கள் கையில். பந்து வலைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது. பொன்னையாவின் தம்பி எழும்பி ஒரு அடி அடித்தான். பந்து என் தலைக்கு மேலே பின் கோட்டை நோக்கிப் போயிற்று. நான் திரும்பி ஓடினேன். பந்து விழுந்தது. செம்மண் புழுதி கிளம்பிற்று. அந்த மூலையில் கொடி பிடித்து நின்ற மில் கிளார்க் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி யோசித்தார்.

அப்போது குழாய் கத்தியது. "உள்ள, உள்ள."

நடுவரின் கை தரையைக் காட்டியது. விசில் ஊதினார். ஆட்டம் முடிந்துவிட்டது.

அப்புறம் ஜனம் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பியது. குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டார்கள். ஆம்ப்ளிபயரை உதைத்தார்கள். அண்ணாச்சியின் சட்டை கிழிந்தது. அவர் வாய்க்கு முன்னால் கையைக் குவித்து என்னவோ சொல்லப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பொன்னையா கூட்டத்துக்குள் புகுந்து அவரை இழுத்துக்கொண்டு போய் மில் கேட்டுக்குள் விட்டான்.

அடுத்த வாரமே அண்ணாச்சிக்கு வேலை நின்றுவிட்டது. பேசி வைத்திருந்த கல்யாணங்களுக்கெல்லாம் விருதுநகரிலிருந்து குழாய் வந்தது. கடைக்கு எதிரே நின்று காறித் துப்பிவிட்டுப் போனவர்களும் உண்டு. நானும் பொன்னையாவும் போய்ப் பார்த்தோம். நசுங்கிய குழாயை மடியில் வைத்து மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"நான் உள்ளன்னு சொல்லலப்பா" என்றார். "புள்ளன்னு சொன்னேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"பாவாடை கட்டுன சின்னப் புள்ள. நடக்கப் பழகுன வயசு. கோட்டத் தாண்டி உள்ள வந்துருச்சு. இந்தத் தம்பி பின்னால பாக்காம ஓடுறான். மிதிச்சிருவானேன்னு புள்ள, புள்ளன்னு கத்துனேன். குழாய் இரையிறதுல மொத எழுத்து விழுந்துபோச்சு."

நான் அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்தேன். ஓடும்போது என் காலில் என்னவோ உரசிய மாதிரி இருந்தது. அது பிள்ளையா, கோட்டுக் கயிறா, யாருடைய முந்தானையா, எனக்குத் தெரியவில்லை. நினைக்க நினைக்க மூன்றும் இருந்த மாதிரியே இருந்தது.

"அங்கனயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றான் பொன்னையா.

"யாருப்பா கேட்டாக?"

செய்தி பரவியதும் ஊர்ப் பெரிய மனுஷர்கள் கடைக்கு வந்தார்கள். பருத்திக் கமிஷன் கடை முதலாளி ஒருவர் பேசினார். "அண்ணாச்சி, நீங்க சொன்னதத் தப்பா எடுத்துக்கிட்டுத்தான் நடுவர் முடிவு சொல்லிட்டாரு. பந்து வெளிய விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. திருப்பி ஆட வைக்க வேண்டியது எங்க பொறுப்பு. நாளைக்கே ஊர் உங்க பக்கம் திரும்பிரும்."

"பந்து எங்க விழுந்துச்சுன்னு நான் பாக்கலையே முதலாளி."

"பாத்தேன்னு சொல்லுங்க."

"புள்ளையத்தான் பாத்தேன்."

"சரி, எந்தப் புள்ள? யாரு வீட்டுப் புள்ள? அதையாச்சும் காட்டுங்க."

அண்ணாச்சி மரச் சுத்தியை எடுத்து மறுபடி தட்ட ஆரம்பித்தார். வந்தவர்கள் எழுந்து போனார்கள். பிள்ளை என்று ஒன்று வரவே இல்லை, இந்த ஆள் தப்பிக்கக் கதை கட்டுகிறார் என்று பேச்சாகிவிட்டது. வடக்குப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட அது என் பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. என் அக்காவிடம் கேட்டேன். அவளும் அன்றைக்கு அங்கே இருந்தவள். "இருந்திருக்கும். இல்லாமலும் இருந்திருக்கும். யாரு பாத்தா, எல்லாரும் பந்தைத்தான பாத்தோம்" என்றாள்.

அண்ணாச்சி வீட்டம்மா காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டு வேப்பங்குச்சி சொருகிக்கொண்டு திரிந்தது அந்த நாள்களில்தான்.

மழைக் காலம் முடிந்து மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் எங்களை ஒரு மேட்சுக்குக் கூப்பிட்டார்கள். கூடவே அண்ணாச்சியையும் கூப்பிட்டிருந்தார்கள். சொந்த ஊருக்கு எதிராக உண்மையைச் சொன்னவர் என்று அங்கே அவருக்குப் பெரிய பெயர். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். அவர் பஸ்ஸில் தனியாக வந்து சேர்ந்தார். எங்கள் லாரியில் ஏற யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

நல்ல ஊர். மைதானத்துக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் ஓடியது. எங்கள் ஆள்கள் இறங்கியதும் போய் முகம் கழுவிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அழுதார்கள். அது அவர்கள் பிறந்த ஊர். இப்போது எதிர் டீமாக வந்திருக்கிறார்கள். அந்த ஊர் ஜனமும் இவர்களைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. கிழவிகள் வந்து பொன்னையாவின் கன்னத்தைத் தடவிவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் அவன் தோற்க வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள்.

அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். அதற்குப் பிறகுதான் மரியாதை. அந்த ஊர்த் தலைவர் கையில் பொன்னாடையோடு நின்றார். அண்ணாச்சியைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். அண்ணாச்சி மைக்கை வாங்கினார். வாங்கியதும் வழக்கம்போலத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் உள்ளன்னு சொல்லல. புள்ளன்னு சொன்னேன். ஒரு சின்னப் புள்ள கோட்டத் தாண்டி வந்துருச்சு. அதுக்குச் சொன்னேன். பந்து எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்தத் துண்டு எனக்கு வேணாம்."

கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். "அப்ப நாங்க ஜெயிச்சது பொய்யின்னு சொல்றீரா?"

"அத நான் சொல்லலையே. நீங்க ஜெயிச்சது நெசம். நாங்க தோத்தது நெசம். நான் சொன்னது மட்டுந்தான் வேற."

சலசலப்பு பெரிதாயிற்று. தலைவர் பொன்னாடையை விரித்தபடி நின்றார். போர்த்துவதா மடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னையாவின் தம்பி மேடையேறி வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினான். அண்ணாச்சியின் தோளில் போட்டான். போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனான். கோபத்தில் போட்டானா, மதிப்பில் போட்டானா என்று அவன் அண்ணனுக்கே தெரியவில்லை.

திரும்பும்போது பொன்னையா அவரை எங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டான். வண்டி கரிசல் காட்டுக்குள் வந்ததும் நான் கேட்டேன்.

"இத நம்ம ஊர்ல ஒரு மேடை போட்டுச் சொல்லியிருந்தா உங்க பொழப்பு போயிருக்காதுல்ல. அங்க போயி சொல்றீக."

"சொல்லலாம். கடையில சொன்னது போதாதுன்னு மேடையிலயும் சொன்னா, அந்தப் புள்ளையோட ஆத்தாள யாருன்னு தேடிப் போவானுக. அம்புட்டுக் கோவத்துல இருந்தாக. அந்த ஊர்ல அவளத் தேட ஆளு இல்லைல்ல."

"அப்ப உங்களுக்கு அது யாருன்னு தெரியும்."

"தெரியும்னும் இல்ல" என்றார். "தெரியாதுன்னும் இல்ல."

லாரியில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் இதைப் போய்ச் சொன்னது பொன்னையாதான். பொன்னாடையை வேண்டாம் என்றதை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது. முதலில் பரளச்சியில் ஒரு கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அதே தம்பி. அதன் பிறகு ஒவ்வொன்றாக வேலை வந்தது. அடுத்த கோடையில் வேப்பமரத்தில் அவர் குழாய் மறுபடி ஏறியது.

எழுபதுகளில் மழை பொய்த்தது. பருத்தி வரத்து குறைந்தது, கரண்டும் ஒழுங்காக வரவில்லை. மில்லில் ஒரு ஷிப்டுதான் ஓடியது. மேற்கிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கணக்கு முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கடைசியாகப் பொன்னையாவும் மிச்சம் இருந்தவர்களும் ஒரே நாளில் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். பெட்டியை மேலே ஏற்றுவதற்கு உதவினார். பேசிக்கொண்டே பஸ்ஸுக்குள் ஏறினார். பஸ் நகர்ந்தது. இறங்குவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் திரும்பி மறைந்துவிட்டது.

சாயங்காலம் அவர் வீட்டம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "எங்க தம்பி அவுக?"

"பஸ்ஸுல போயிட்டாக அக்கா."

"எங்க?"

"அவுக ஊருக்கு."

"எவுக ஊருக்கு?"

அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கடை திறந்திருந்தது. போனேன். சாவகாசமாக உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீக?"

"வழியனுப்பத்தாம்ப்பா ஏறுனேன். பாலவனத்தத்துல எறங்கிருவோம்னு நெனச்சேன். அங்க வந்ததும் விருதுநகர் வரைக்கும் போவோமேன்னு தோணுச்சு. பெறகு போய்க்கிட்டே இருந்தேன். அங்க போனா அவுக எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைய வழியனுப்புறாக. பொன்னையா அழுகுறான். அதுல யாரு யார அனுப்புனதுன்னு எனக்கே தெரியல."

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ எப்பப்பா ஊருக்குப் போற?" என்று கேட்டார்.

"நான் எங்க போறது? இதுதான அண்ணாச்சி என் ஊரு. மேலத்தெரு, தறிக்காரர் வீடு."

கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா? வேற பாஷை பேசுனியா, நான் இத்தன வருசமா உன்னையும் அவுகளோட லாரியில வந்த பையன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

அன்றைக்கு நான் உடனே எழுந்து வரவில்லை. மைதானத்தில் நான் பந்தைத் தொடும்போதெல்லாம் அவர் குரலில் ஒரு தனிக் குழைவு வரும். டீமில் உள்ளூர்க்காரன் நான் ஒருவன்தான், அதனால்தான் என்று நினைத்திருந்தேன். வீட்டில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவரோ ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளை என்று நினைத்து இரங்கியிருக்கிறார். எனக்கு வருத்தமாக இருந்ததா, சந்தோஷமாக இருந்ததா, சொல்லத் தெரியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"குடிப்பா, ஆறிரும்" என்றார். "ராத்திரி எம்.ரெட்டியபட்டியில ஒரு சடங்கு. குழாய் தூக்க ஆளு இல்ல. வாரியா?"

"வாரேன்" என்று சொல்லி, குழாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.